செட்டிநாட்டு வீடுகளில் பதற்றமும் கவனச்சிதறலும் உள்ள வளர்ப்பு விலங்குகள்: ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று செட்டிநாட்டின் எந்த ஊரில் நாய் வளர்ப்பவரைக் கேட்டாலும், அதன் போக்கில் தமக்குப் புரியாத ஒன்றைச் சொல்வார். ஒரு நாய் வளவின், அதாவது வீட்டு நடு முற்றத்தின், தரையில் விழும் வெயில் வட்டத்தை மணிக்கணக்கில் துரத்துகிறது. இன்னொன்று வீட்டார் பயணப் பெட்டியைக் கீழே இறக்கியதுமே நடுங்கத் தொடங்குகிறது. பெயரைப் பத்து முறை அழைத்தாலும் ஒரு நாய் திரும்பிப் பார்ப்பதில்லை. தட்டில் வைத்த சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. இவற்றைப் பார்க்கும் வீட்டார், ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளையையோ, காரணமில்லாமல் படபடப்புக் கொள்ளும் பெரியவரையோ நினைத்துக்கொண்டு, நாய்க்கும் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு வருமா என்று கேட்கிறார்கள்.

இந்த ஒப்புமை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. குழந்தைகளின் கவனக்குறைவையும் மிகைச் செயல்பாட்டையும் அளக்கப் பெற்றோர் நிரப்பும் வினாத்தாளை, நாய் வளர்ப்பவர்கள் நிரப்புவதற்கு ஏற்றவாறு மாற்றி, அது பயன்படுகிறது என்று புடாபெஸ்ட் நகரின் ஆய்வாளர்கள் 2007-இல் காட்டினார்கள். பின்லாந்தில் 11,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றித் திரட்டி 2021-இல் வெளியான ஆய்வு, மிகைச் செயல்பாடும் கவனக்குறைவும் இளம் நாய்களிடமும், ஆண் நாய்களிடமும், வீட்டில் அதிக நேரம் தனியாக விடப்படும் நாய்களிடமும் கூடுதலாக இருப்பதாகச் சொல்கிறது. தன் விலாப்புறத் தோலை வாயில் வைத்து ஓயாமல் சப்பும் டாபர்மேன் நாய்களின் பழக்கத்துக்கும், அவற்றின் 7-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுப் பகுதிக்கும் தொடர்பு இருப்பது 2010-இல் வெளியிடப்பட்டது. மனிதரின் பதற்றத்துக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் சில நாய்களுக்கும் பயன்படுகின்றன.

ஆயினும், நோயின் பெயரைக் கண்டுபிடிப்பதால் வீட்டிலுள்ள விலங்குக்கு உடனடி நன்மை எதுவும் இல்லை. அது எந்த நேரத்தில், எதற்குப் பிறகு, எவ்வளவு நேரம் அப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே பயன் தரும். செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு தனிப்பட்ட வாழ்க்கை முறை உண்டு. இரண்டு தெருக்களைத் தொட்டு நீளும் பெரிய வீட்டில் ஆண்டின் பெரும்பகுதி இரண்டு மூன்று பேரோ, காவலுக்கு இருப்பவர் மட்டுமோ வாழ்கிறார்கள். பிறகு ஒரு கல்யாணத்துக்கோ, முன்னோரை வணங்கும் படைப்புக்கோ, அறுபதாம் ஆண்டு நிறைவு போன்ற சாந்திக்கோ நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் வந்து நிறைகிறார்கள். நீண்ட அமைதிக்கும் திடீர்க் கூட்டத்துக்கும் இடையில் வளரும் விலங்கு பதறுவதில் வியப்பில்லை. ஆகவே, வீட்டின் ஒழுங்கைத் திருத்துவதிலிருந்தே பராமரிப்பைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயிற்சியும் மருந்தும் அதன் மேல்தான் நிற்கும்.

முதலில் உடலைச் சோதித்தல்

வினோதமான நடத்தைக்குப் பின்னால் பல நேரங்களில் வலியோ அரிப்போ இருக்கும். தலையை உதறிக்கொண்டே இருக்கும் நாய்க்குக் காதில் சீழ் இருக்கலாம். பின்புறத்தைத் தரையில் தேய்க்கும் நாய்க்கு ஆசனவாய்ச் சுரப்பி அடைத்திருக்கலாம், அல்லது நாடாப்புழு இருக்கலாம். இல்லாத ஈயைப் பிடிப்பது போலக் காற்றைக் கவ்வும் நாய்க்கு வலிப்பின் ஒரு வகையோ வயிற்றுக் கோளாறோ இருக்கக்கூடும். இதுவரை எந்த ஓசைக்கும் அஞ்சாத நாய் நடுவயதுக்கு மேல் திடீரென்று அஞ்சத் தொடங்கினால், மூட்டிலோ முதுகிலோ வலி உள்ளதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். திடுக்கிடும்போது தசை இறுகி வலிப்பதால், அந்த ஓசையையே வலியோடு சேர்த்து அது நினைவில் வைத்துக்கொள்ளும். வயதான நாய் இரவில் வீட்டுக்குள்ளேயே வழிதவறி மூலையில் நின்றுகொண்டிருந்தால், அது மனிதரின் மறதி நோயை ஒத்த மூளைத் தேய்வாக இருக்கலாம்.

அழைத்தால் திரும்பாத நாய்க்குக் காது கேட்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். நம் ராஜபாளையம் நாய்களில், தூய வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டவற்றுள் சில பிறவியிலேயே செவிடாக இருக்கின்றன. நாய் தூங்கும்போது அதன் பார்வைக்கு எட்டாத இடத்தில், தரை அதிராதபடி நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினால் காது அசைகிறதா என்று தெரிந்துவிடும். கேளாத நாயைப் பிடிவாதக்காரன் என்று அடிக்கும் கொடுமை நடக்காமல் இருக்க இந்தச் சிறு சோதனை போதும். அத்தகைய நாயைக் கைச்சைகைகளால் நன்றாகப் பழக்கலாம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லியாக வேண்டும். நாயின் குணம் சில நாட்களுக்குள் முற்றிலும் மாறி, குரல் கம்மி, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகி, காரணமின்றிக் கடிக்க வந்தால், அதைப் பதற்றம் என்று எண்ணித் தொட்டுத் தேற்ற முயலக் கூடாது. அது வெறிநோயாக இருக்கலாம். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கையை விடவே கூடாது. நாயைத் தனித்து அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கடியோ கீறலோ எச்சிலோ பட்டிருந்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.

பார்த்து எழுதுதல்

உடல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஒரு நோட்டை எடுத்து இரண்டு வாரங்களுக்குக் குறிப்பு எழுதுங்கள். நேரம், அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன நடந்தது, நாய் என்ன செய்தது, பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்ற நான்கையும் எழுதினால் போதும். கைப்பேசியில் எடுத்த படம் கூடுதல் உதவி. மருத்துவரின் மேசைமீது நிற்கும் நாய் வீட்டில் செய்வதை அங்கே செய்துகாட்டாது.

கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரியப் பார்த்தல், ஒரு முன்காலைத் தூக்கி நிறுத்துதல், வெயில் இல்லாதபோதும் மூச்சிரைத்தல் ஆகியவை குரைப்புக்கும் நடுக்கத்துக்கும் முன்பே வருபவை. இவற்றை அடையாளம் காணப் பழகிய வீட்டாருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. மற்றோர் அளவுகோல் உணவு. மிகவும் பிடித்த கோழித்துண்டை நீட்டியும் நாய் வாங்கவில்லையென்றால், அது கற்றுக்கொள்ளும் நிலையைத் தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் பயிற்சி எதுவும் பலிக்காது. அந்த இடத்திலிருந்து தூரமாக அழைத்துச் செல்வது ஒன்றே செய்யத்தக்கது.

நாளை ஒழுங்குபடுத்துதல்

வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறத்தாழ 12 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். குட்டிக்கு இன்னும் அதிகம் தேவை. நம் வீடுகளில் நாயைக் காவலுக்காக முகப்பிலோ திண்ணையிலோ கட்டிவைக்கும் வழக்கம் உண்டு. தெருவில் போகும் ஆடு, மாடு, மீன்காரர், பள்ளிப் பிள்ளைகள், மற்ற நாய்கள் என்று பொழுதெல்லாம் எதையாவது கவனித்துக்கொண்டே இருக்கும் அந்த நாய் ஆழ்ந்து தூங்குவதே இல்லை. கவனம் சிதறுகிறது என்று கொண்டுவரப்படும் நாய்களில் பலவும் உண்மையில் தூக்கம் கெட்ட நாய்கள் என்பதே என் எண்ணம். காலை பத்து மணி முதல் பிற்பகல் நான்கு மணி வரையாவது அதன் படுக்கையை வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டுக்கு மாற்றி, தெருக்கதவு கண்ணில் படாதபடி செய்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். மாற்றம் தெரியும்.

நடைக்கு அழைத்துப் போவதில் பலரும் தூரத்தையே கணக்கிடுகிறார்கள். இரு சக்கர வண்டிக்குப் பின்னால் ஓடவிடுபவர்களும் இருக்கிறார்கள். செட்டிநாட்டுக் கோடையில் அது வெப்பத்தாக்கில் முடியக்கூடும். தவிர, வெறும் ஓட்டம் உடலை வலுவாக்குமேயன்றி மனத்தை அடக்காது. விடியற்காலையில் ஊருணிக்கரையில் நீண்ட கயிற்றோடு மெதுவாக நடந்து, நாய் விரும்பிய இடத்தில் விரும்பிய நேரம் மோப்பம் பிடிக்கவிடுவது அதைவிட நன்றாக அதைக் களைக்கவைத்து அமைதிப்படுத்தும். செடிகொடிக்குள் போய்வந்த நாயின் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று திரும்பியதும் தடவிப் பார்ப்பது அவசியம்.

உணவைத் தட்டில் கொட்டி ஒரே மூச்சில் விழுங்கவிடாமல், தேடி எடுக்கும்படி கொடுக்கலாம். இதற்காகக் கடையில் பொம்மை வாங்க வேண்டியதில்லை. பழைய இட்லித் தட்டின் குழிகளில் சோற்றையும் வேகவைத்த கோழியையும் பிசைந்து அப்பிவைத்தால், நாய் அதை நக்கி எடுக்கக் கால் மணி நேரம் ஆகும். நக்குவதே அதற்கு அமைதி தரும் செயல். பழைய துண்டில் தின்பண்டத்தைச் சுருட்டி வைத்து அவிழ்க்க விடுவதும் அப்படியே. ஆனால், வீட்டில் மிஞ்சிய குழம்புச் சோற்றைப் போடக் கூடாது. நம் சமையலில் தாராளமாகச் சேரும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைப்பவை. உலர்திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு ஆகியவையும் ஆகாதவை.

தரையைப் பற்றியும் ஒரு சொல். கண்ணாடிமேல் வார்த்து எடுக்கப்படும் ஆத்தங்குடிக் கல் இயல்பிலேயே வழவழப்பானது. ஆண்டுக்கணக்கில் துடைத்துத் துடைத்து இன்னும் மெருகேறியிருக்கும். கால் வழுக்கும் நாய், முக்கியமாக வயதானதும் எடை கூடியதும், வளவைக் கடக்கவே அஞ்சிச் சுவரோரம் ஒண்டி நடக்கும். அதைப் பார்ப்பவர்கள் ஏதோ மனக்கோளாறு என்று எண்ணுவார்கள். நகத்தை வெட்டிவிட்டு, அது வழக்கமாக நடக்கும் தடத்தில் அடியில் ரப்பர் பிடிப்புள்ள மிதியடிகளை வரிசையாகப் போட்டால் சரியாகிவிடும்.

கவனத்தைக் கட்டு கட்டாகப் பழக்குதல்

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே நாய்ப் பயிற்சிக்கு ஏற்றது. உள்ளே போகப் போக அமைதியும், வெளியே வர வர ஆரவாரமும் கூடுகின்றன. இந்த வரிசையை அப்படியே பயிற்சியின் படிகளாகக் கொள்ளலாம்.

முதலில் இரண்டாம் கட்டில், அடுப்படியின் வாசனை எட்டாத ஓர் இடத்தில், ஒருவர் மட்டும் நாயோடு உட்கார வேண்டும். பெயரை ஒரே ஒரு முறை சாதாரணக் குரலில் சொல்லி, நாய் திரும்பிப் பார்த்த அந்தக் கணத்தில் ஒரு சிறு கோழித்துண்டைக் கொடுக்க வேண்டும். திரும்பாவிட்டால் மறுமுறை கூப்பிடாமல் இரண்டடி நெருங்கி உட்கார்ந்து மீண்டும் தொடங்க வேண்டும். பலமுறை அழைத்து அலுக்கவைத்தால் அந்தப் பெயரே அதற்குப் பொருளற்ற சத்தமாகிவிடும். ஒரு வேளைக்கு மூன்று அல்லது ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று வேளை போதும். பத்தில் எட்டு முறை உடனே திரும்புகிறது என்றானதும் வளவுக்கு வரலாம். அங்கே புறாக்களும் அணிலும் வருவோர் போவோரும் இருப்பதால் தொடக்கத்தில் தடுமாறும். தடுமாறினால் ஒரு படி பின்னே போவதில் தவறில்லை. பிறகு முகப்பு, அதன் பிறகு திண்ணை, கடைசியாகத் தெரு. இதே வரிசையில், ஒரு சாக்கை விரித்து அதில் படுத்தால் தின்பண்டம் கிடைக்கும் என்றும் பழக்கிவிடலாம். பின்னர் கல்யாண வீட்டில் அந்தச் சாக்கு எங்கே விரிக்கப்படுகிறதோ அதுவே நாய்க்குத் தன் இடமாகிவிடும்.

இனத்தின் இயல்பையும் மதிக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் வேட்டையாட உருவான நாய்கள். தொலைவில் ஓடும் எதையும் அவை நம்மைவிட முன்பே பார்த்துவிடும். பார்த்தபின் காதை மூடிக்கொண்டது போல ஓடும். அதைக் கவனக்குறைவு என்பது பொருந்தாது. கவனம் முழுவதும் வேறொன்றின்மேல் குவிந்திருக்கிறது. இவற்றைக் கயிறின்றித் திறந்த வெளியில் விடாமல், மதில் உள்ள கொல்லையிலேயே ஓடவிடுவது பாதுகாப்பு. உட்கார்ந்து எழுவதற்குள் பத்து வேலை செய்யும் எட்டு மாத லாப்ரடாரும் நோயாளி ஆகாது. அது வளரிளம் பருவத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் திருத்திய பிறகும் ஓய்வு நேரத்தில்கூட இதயத் துடிப்பும் மூச்சும் தணியாத நாய்கள் மிகச் சிலவே. அவற்றை மருத்துவர்தாம் சோதித்துச் சொல்ல வேண்டும்.

வெயிலையும் நிழலையும் துரத்தும் நாய்

இதைத் தனியாக எழுதக் காரணம், இது நம் வீடுகளில் எளிதில் தொடங்கி, வீட்டாரின் சிரிப்பாலேயே வளர்ந்து, பின் நிறுத்த முடியாத நிலைக்குப் போவது. வளவின் திறந்த நடுப்பகுதி வழியாகவும் வண்ணக் கண்ணாடிகள் வழியாகவும் இறங்கும் ஒளி, பகலெல்லாம் தரையிலும் சுவரிலும் நகர்ந்துகொண்டே இருக்கிறது; பித்தளைப் பாத்திரமும் பெல்ஜியம் கண்ணாடியும் அதைச் சிதறடிக்கின்றன. ஒரு குட்டி அதைத் தொட்டு விளையாடுகிறது. பார்ப்பவர்கள் சிரித்து, படம் எடுத்து, கைக்கடிகாரத்தாலோ லேசர் விளக்காலோ இன்னும் ஒளியைக் காட்டுகிறார்கள். பிடிக்கவே முடியாத இரையைத் துரத்தும் நாய்க்கு வேட்டை முடிவதே இல்லை. சில மாதங்களில் அது ஒளி இல்லாத நேரத்திலும் சுவரை வெறித்து நிற்கும். உணவையும் அழைப்பையும் மறக்கும். வால் துரத்துவதும் இவ்வாறே கட்டாயப் பழக்கமாகக்கூடும்; அல்சேஷன், புல் டெரியர் போன்ற இனங்களில் இது அதிகம் காணப்படுகிறது.

லேசர் விளக்கை அன்றே எடுத்துப் போட்டுவிடுங்கள். நோட்டில் எழுதிய குறிப்பைக் கொண்டு, ஒளி அதிகம் விளையாடும் நேரத்தைக் கண்டறிந்து, அந்த நேரத்தில் வெட்டிவேர்த் தட்டியையோ கெட்டித் திரையையோ தொங்கவிட்டு, நாயை இருட்டான உள்ளறைக்கோ கொல்லை மரத்தடிக்கோ மாற்றுங்கள். துரத்தத் தொடங்கிய பின் அதட்டக் கூடாது. அதட்டல் பதற்றத்தைக் கூட்ட, பதற்றம் துரத்தலைக் கூட்டும். தொடங்குமுன் காதும் உடலும் விறைக்கும் கணத்தைப் பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, மோப்பம் பிடித்துத் தேடும் வேலை ஒன்றைக் கொடுக்க வேண்டும். விருந்தினர் பார்க்கட்டும் என்று ஒரு முறைகூடச் செய்துகாட்டச் சொல்லக் கூடாது. இடையிட்டு நிறுத்த முடியாத அளவுக்கு முற்றியிருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பழக்கம் நாட்பட நாட்பட மருந்துக்கும் கட்டுப்படுவது குறைகிறது.

தனிமையும் பிரிவும்

பிரிவுப் பதற்றம் உள்ள நாய் வீட்டார் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள்ளாகவே பெரும்பாலும் அதைக் காட்டிவிடும். கதவு, சன்னல் போன்ற வெளியேறும் வழிகளைப் பிறாண்டுவதும், ஊளையிடுவதும், எச்சில் ஒழுக்குவதும், பழகிய நாயாக இருந்தும் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிப்பதும் அதன் அடையாளங்கள். இரண்டு மணி நேரம் நன்றாகத் தூங்கிவிட்டுப் பிறகு செருப்பைக் கடிக்கும் நாய்க்கு இருப்பது சலிப்பு. கைப்பேசியை ஓரிடத்தில் சாய்த்துவைத்துப் பதிவு செய்தால் இந்த வேறுபாடு தெளிவாகிவிடும்.

திரும்பி வந்து, தேக்குக் கதவில் விழுந்த கீறலைக் காட்டித் திட்டும்போது நாய் தலையைத் தாழ்த்துவதைக் கண்டு, அது தன் தவற்றை உணர்ந்ததாக நாம் நினைக்கிறோம். நாய்களின் அறிவாற்றலை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் குற்ற உணர்வு முகம் நாய் செய்த காரியத்தைப் பொறுத்து அமைவதில்லை என்றும், நம் திட்டுக்கு எதிர்வினையாக வருவது என்றும் காட்டியது. திட்டினால், தனிமையின் அச்சத்தோடு நாம் திரும்பி வருவதன் அச்சமும் அதற்குச் சேர்ந்துகொள்கிறது.

பயிற்சி மிகச் சிறிய அளவில் தொடங்குகிறது. சாவியை எடுத்துவிட்டு மீண்டும் உட்காருங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போங்கள். பெட்டியை இறக்கி வளவில் இரண்டு நாள் சும்மா வையுங்கள். இந்த அடையாளங்கள் பிரிவைக் குறிப்பதை நாய் மறந்த பிறகு, கதவுக்கு வெளியே ஐந்து விநாடி நின்றுவிட்டு உள்ளே வாருங்கள். அது அமைதியாக இருந்தால் பத்து விநாடி, பின் அரை நிமிடம் என்று நீட்டலாம். நாய் பதறிய நாளில் முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும். இந்த நாட்களில் முழுத் தனிமையில் விடாமல் இருக்கப் பக்கத்து வீட்டு ஆச்சியையோ வேலைக்கு வருபவரையோ துணைக்கு வைத்துக்கொள்வது பலனை விரைவுபடுத்தும்.

சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ மாதக்கணக்கில் போகும் குடும்பங்கள் இன்னும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். காவலுக்கு இருப்பவரிடம் கிளம்பும் நாளில் சங்கிலியை ஒப்படைப்பது போதாது. ஒரு மாதத்துக்கு முன்பே ஒரு வேளை உணவை அவர் கொடுக்கத் தொடங்கி, பிறகு நடையையும் இரவுப் படுக்கையையும் அவரே ஏற்றுக்கொள்ள வேண்டும். வீட்டார் கிளம்பும்போது நாயின் நாளில் அவர்கள் இல்லாத பகுதியே அதிகமாக இருக்க வேண்டும். உணவு, நடை, உறக்கம் ஆகியவற்றின் நேரமும் இடமும் மாறாதிருக்கட்டும். காணொலி அழைப்பில் வீட்டாரின் குரலைக் கேட்டுத் தேடி அலையும் நாய்க்கு அதைக் கேட்கவிடாமல் இருப்பதே நல்லது.

வேட்டும் மேளமும் கூட்டமும்

பின்லாந்தில் ஏறத்தாழ 13,700 நாய்களைக் கொண்டு 2020-இல் வெளியான ஆய்வில், அச்சம் சார்ந்த நடத்தைகளுள் மிகப் பரவலாக இருந்தது ஓசைக்கு அஞ்சுவதே. அது 32 விழுக்காடு நாய்களிடம் காணப்பட்டது. நம் பகுதியில் ஓசையின் காலம் முன்பே தெரிந்தது. ஐப்பசியில் தீபாவளியும் இடிமழையும், தையில் மஞ்சுவிரட்டு, மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் விழா, வைகாசியில் கொப்புடையம்மன் தேர், முகூர்த்த மாதங்களில் கல்யாண வேட்டு என்று நாட்காட்டியைப் பார்த்தே ஆயத்தமாகிவிடலாம். உயர்ந்த கூரையும் கல்தூணும் வழவழத்த சுவரும் கொண்ட வளவில் ஒரு வெடியின் ஓசை எதிரொலித்து நீள்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தீபாவளிக்கான பழக்கத்தை ஆடியிலேயே தொடங்குங்கள். வெடி ஓசைப் பதிவை, நாய் காதை மட்டும் அசைக்கும் அளவுக்கு மிகக் குறைந்த ஒலியில் வைத்து, அந்த ஓசை வந்ததும் கோழித்துண்டு, நின்றதும் ஒன்றுமில்லை என்று பழக்க வேண்டும். சில நாட்களுக்கு ஒரு முறை ஒலியைச் சற்றே கூட்டலாம். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் அதிர்வேட்டின் ஆழ்ந்த அதிர்வு வராது; ஆகவே, பதிவைக் கேட்டு அமைதியாக இருக்கும் நாய் உண்மை வெடிக்கும் அப்படியே இருந்துவிடும் என்று நம்பி வெளியே நிறுத்தக் கூடாது.

வளவைச் சுற்றியுள்ள சிறிய அறைகள் தடித்த சுவரும் கனத்த கதவும் கொண்டவை. சாமி அறையையும் பெரியவர்களின் பொருள் உள்ள அறையையும் விட்டுவிட்டு, வேறொன்றை நாய்க்கு ஒதுக்கி, அதன் சாக்கு, தண்ணீர், மின்விசிறி ஆகியவற்றோடு ஒரு மாதம் முன்பிருந்தே அங்கு உணவு கொடுத்து வர வேண்டும். வெடி நாளில் பொழுது சாயுமுன் நடையை முடித்து, அந்த அறையில் விட்டு, பழகிய ஒருவர் உடனிருக்க வேண்டும். கதவைப் பூட்டி அடைத்தால் நாய் நகம் பிய்யப் பிறாண்டும். அஞ்சும் நாயைத் தடவிக்கொடுத்தால் அச்சம் கூடிவிடும் என்ற நம்பிக்கை தவறானது. அது நெருங்கி வந்தால் அணைத்துக்கொள்ளலாம். ஒண்டிக்கிடக்க விரும்பினால் இழுக்கக் கூடாது. கழுத்துப் பட்டையில் கைப்பேசி எண் எழுதிய தகடு இருக்கட்டும்.

தெருவையும் கேட்டுப் பார்க்கலாம். திருப்பத்தூருக்கு அருகே, வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய ஊர்களின் மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் அஞ்சிப் போய்விடக் கூடாது என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்திலேயே இரண்டு ஊர்கள் இதைச் செய்து காட்டியிருக்கும்போது, நம் தெருவில் ஒரு வீட்டு வாசலில் மட்டுமாவது அதிர்வேட்டு வேண்டாமென்று கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. வைரவன்பட்டியில் நாயை ஊர்தியாகக் கொண்ட வைரவரை வணங்கும் மக்களிடம் இது எடுபடும் என்றே நான் நம்புகிறேன்.

கல்யாணத்துக்கு வீடு நிறையும்போது, அறைக்கதவில் யாரும் திறக்க வேண்டாம் என்று எழுதி ஒட்டி, நாய்க்குப் பொறுப்பாக ஒருவரை நியமியுங்கள். வந்த பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வருவார்கள். கொட்டாவி விட்டு முகத்தைத் திருப்பும் நாயைப் பிள்ளைகளிடமிருந்து உடனே விலக்க வேண்டும். வேறு வீட்டில் விடுவதானால், அந்த வீட்டுக்கு முன்பே பலமுறை அழைத்துச் சென்று பழக்கியிருக்க வேண்டும்.

பூனையும் பறவையும்

பூனையின் பதற்றம் சத்தமில்லாதது. கூட்டம் வந்த வாரத்தில் பரணில் ஏறிக்கொண்டு இறங்காது. அல்லது வயிற்று முடியை நக்கியே வழித்துவிடும். முடி உதிர்ந்தால் முதலில் தெள்ளுப்பூச்சியும் தோல் நோயும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மன அழுத்தத்தால் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சி வரும். ஆண் பூனை மண்தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால், வழி அடைத்திருக்கக்கூடும்; அன்றே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் உயிருக்கு ஆபத்து. உயரமான ஒரு பலகை, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மண்தட்டு ஆகியவை இருந்தாலே பெரும்பாலான பூனைகள் தேறிவிடும்.

தன் இறகைத் தானே பிடுங்கும் கூண்டுப் பறவைக்குத் துணையும், பெரிய கூண்டும், கடித்துக் கிழிக்க ஓலையும் மரக்கிளையும் வேண்டும். நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைக் கூண்டில் வைத்து அமைதிப்படுத்த வழி தேடாமல் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

மருந்து

மேலே சொன்னவற்றை இரண்டு மாதம் முறையாகச் செய்தும் தேறாத விலங்குக்கும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் விலங்குக்கும் மருந்து கொடுக்கத் தயங்கக் கூடாது; அச்சத்தில் மூழ்கியிருக்கும் மூளையால் எதையும் கற்க முடியாது. நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்குக் குளோமிப்ரமின் என்ற மருந்தை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998-இலும், ஃபுளுவாக்செட்டினை 2007-இலும் ஏற்றுக்கொண்டது. இவை தூக்க மாத்திரைகள் அல்ல. முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும், பயிற்சியும் உடன் நடக்க வேண்டும். வெடி நாளுக்கு மட்டும் கொடுக்கும் மருந்துகள் வேறு வகை. அவற்றைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே கேட்டு வாங்கி, அமைதியான ஒரு நாளில் ஒரு முறை கொடுத்து, நாய்க்கு எப்படி ஒத்துக்கொள்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அசிப்ரோமசின் என்ற மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் உடல் தளர்ந்தாலும் அச்சம் உள்ளே குறையாமல் இருக்கும் என்பதால், அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

வீட்டிலுள்ளவர்களுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை உடைத்து விலங்குக்குக் கொடுப்பது பேராபத்து. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும். உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் உடற்சோதனையை முடித்துவிட்டு, நடத்தைச் சிக்கல் கடுமையாக இருந்தால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடத்துக்கு எழுதித் தரும்படி கேட்கலாம். போகும்போது அந்த இரண்டு வார நோட்டையும் கைப்பேசிப் பதிவுகளையும், இதுவரை கொடுத்த மருந்துகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். நாய் தேறிவிட்டது என்று மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில், வாரக்கணக்கில், படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.